பெஞ்சில் இருப்பவர் உப்புக்குச் சப்பாணியா?

ஒரு மேட்சை ஜெயிக்க ஐந்து பேர் போதும். சில சமயம் ஒரே ஒரு ஆள்கூடப் போதும். ஆனால் ஒரு காலேஜ் டீம் இந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று ஜெயித்துக்கொண்டே போக வேண்டுமானால் அந்த ஐந்து பேர் போதாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அதைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான்!

கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்கள் அவர்களைக் கண்டுகொள்வது கிடையாது. "பெஞ்சைத் தேய்க்கிறவன்" என்று கிண்டல் வேறு. தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது, அழுகிற பொடியனைச் சமாதானப்படுத்த "நீ உப்புக்குச் சப்பாணிடா" என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் இவர்களையும் சேர்த்துவிட்டோம்.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று காட்ட, அமெரிக்காவில் நடந்த ஒரு மேட்ச் போதும்.

37-க்கு 0

2024-ம் ஆண்டு ஏப்ரல் 7. கிளீவ்லாந்து நகரில் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அயோவா பல்கலைக்கழகம். எதிர்ப்பக்கம் தென் கரோலினா பல்கலைக்கழகம்.

அயோவாவில் கெய்ட்லின் கிளார்க் என்று ஒரு புயல் இருந்தது. அந்த சீசனில் மேட்சுக்குச் சராசரி 31.6 பாயிண்ட் எடுத்தவர். தென் கரோலினாவில் அப்படி யாரும் கிடையாது. அங்கே அதிகமாக எடுத்தவரின் சராசரியே 14 சொச்சம்தான்.

ஆட்டம் தொடங்கியதும் அயோவா 10-0 என்று பாய்ந்தது. முதல் கால்பகுதியில் மட்டும் கிளார்க் 18 பாயிண்ட் குவித்தார். பெண்கள் இறுதி ஆட்டத்தில் ஒரு கால்பகுதிக்குள் இவ்வளவு எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. "முடிஞ்சுது கதை" என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

தென் கரோலினா கோச் டான் ஸ்டேலி அசரவில்லை. ஆளை மாற்றி மாற்றி இறக்கினார். மீதி மூன்று கால்பகுதியும் சேர்த்து கிளார்க்கால் எடுக்க முடிந்தது 12 பாயிண்ட். முடிவில் தென் கரோலினா 87, அயோவா 75. கோப்பை கைமாறியது.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்த தென் கரோலினா பெண்கள் எடுத்தது 37 பாயிண்ட். அயோவா பெஞ்ச் எடுத்தது பூஜ்யம்! வித்தியாசம் 12 பாயிண்ட் உள்ள மேட்சில் இது சாதாரண விஷயமா?

டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாம் ஆண்டு மாணவி மட்டும் 19 பாயிண்ட் எடுத்தார். அவர் ஆரம்ப ஐவரில் ஒருவர் இல்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதை ரீபவுண்டு என்பார்கள். அதில் தென் கரோலினா 51, அயோவா 29. துள்ளிக் குதிக்கத் தெம்புள்ள கால்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஐந்து பேரும் போன பிறகு

இந்தக் கதையின் ருசி அதற்கு முந்தின வருஷத்தில் இருக்கிறது.

தென் கரோலினா 2022-லேயே சாம்பியன். 2022-23 சீசனில் வரிசையாக 36 மேட்ச் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. அங்கே இதே அயோவாவிடம் 77-73 என்று தோற்றது. அன்றைக்கு கிளார்க் 41 பாயிண்ட். ஒரு ராத்திரி ஒரு நட்சத்திரம் மின்னினால் எப்பேர்ப்பட்ட டீமும் கவிழும். அதை மறுப்பதற்கில்லை.

அதோடு போயிற்றா? அந்த டீமின் ஆரம்ப ஐவர் ஐந்து பேரும் படிப்பு, தகுதிக்காலம் முடிந்து வெளியேறிவிட்டார்கள். தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் அந்த டீமிலிருந்து மட்டும் ஐந்து பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அலியா பாஸ்டன் நாட்டிலேயே முதல் தேர்வு.

ஒரு வீட்டில் சம்பாதிக்கிற ஐந்து பேரும் ஒரே நாளில் கிளம்பிவிட்டால் அந்த வீட்டு நிலைமை என்ன ஆகும்? வேறு டீமாக இருந்தால் "கட்டி எழுப்ப நாலு வருஷம் ஆகும், பொறுத்துக்கோங்க" என்று கோச் கையை விரித்திருப்பார்.

தென் கரோலினா அடுத்த சீசனில் ஆடியது 38 மேட்ச். ஜெயித்தது 38. தோல்வி என்ற பேச்சே இல்லை! 2021-22 முதல் மூன்று சீசனையும் கூட்டிப் பாருங்கள். 109 வெற்றி, 3 தோல்வி.

எங்கிருந்து வந்தார்கள் இவர்கள்? ஒருவர் புதிதாக வந்தவர் என்றால் நாலு பேர் பெஞ்சிலிருந்து எழுந்தவர்கள். அதில் முக்கியமானவர் பிரேசில் நாட்டுப் பெண் கமிலா கார்டோசோ. உயரம் 6 அடி 7 அங்குலம். அவ்வளவு உயரம் இருந்தும், பாஸ்டன் இருந்தவரை ஓரத்தில் உட்கார்ந்து முறை வரும்போது இறங்கியவர். 2023-ல் அவர்களுடைய எஸ்.இ.சி. லீக்கில் சிறந்த ஆறாவது ஆட்டக்காரி என்ற பட்டம் அவருக்குத்தான்.

மறுவருஷம் அதே கார்டோசோ டீமின் தூண் ஆனார். இறுதி ஆட்டத்தில் 15 பாயிண்ட், 17 ரீபவுண்டு. கடைசிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரியும் அவரே. 36 மேட்ச் ஜெயித்த டீமில் பெஞ்சில் இருந்து கற்றுக்கொண்டது வீண் போகவில்லை.

இன்னொரு பெண் ரேவன் ஜான்சன். 2023-ல் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தவர். அந்த அரையிறுதியில் இவர் கையில் பந்து இருந்தபோது கிளார்க் தடுக்கக்கூட வரவில்லை. "நீ போட்டுக்கோம்மா, உன்னால ஆகாது" என்பதுபோல் கையை வீசிவிட்டு நகர்ந்தார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பெண் கூனிக்குறுகிப் போனார்.

கோச் அவரைக் கைவிடவில்லை. 2024 இறுதி ஆட்டத்தில் கிளார்க்கை மறிக்கும் முக்கியப் பொறுப்பு அவரிடம்தான். முதல் பாதி முடியும் தறுவாயில் கிளார்க் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார். பழி தீர்ந்தது.

தூண் இல்லாத நாள்

அதே 2024-ல் இன்னொரு சோதனையும் வந்தது. பிப்ரவரியில் கார்டோசோ தன் நாட்டு அணிக்கு ஆடப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே வந்தது கனெக்டிகட் பல்கலைக்கழகம். பெண்கள் கூடைப்பந்தில் அதற்கு இணையான பெயர் அங்கே கிடையாது. தூண் இல்லாமலேயே தென் கரோலினா 83-65 என்று ஜெயித்தது.

மார்ச்சில் லீக் இறுதி ஆட்டத்தில் கைகலப்பு. கார்டோசோ எதிரணிப் பெண்ணைத் தள்ளிவிட்டார். தண்டனையாக, தேசியப் போட்டியின் முதல் மேட்சில் அவர் ஆட முடியவில்லை. அந்த மேட்சையும் 91-39 என்று ஊதித் தள்ளினார்கள். எதிரணி சின்ன டீம்தான். ஆனாலும் தூண் இல்லையே என்ற பதற்றம் அந்த டீமில் எந்த இடத்திலும் தெரியவில்லை.

காய்ச்சல் வரும். கணுக்கால் பிசகும். பரீட்சை வரும். கோபம் வரும். சீசன் என்பது நாலைந்து மாசம். அத்தனை நாளும் ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று நம்புகிற கோச், ஜோசியரிடம் போகலாம்.

காலும் பவுலும்

மேட்சுக்குள் பெஞ்ச் என்ன செய்கிறது? கல்லூரிக் கூடைப்பந்து மொத்தம் 40 நிமிஷம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அது ஓடி, நின்று, திரும்பி, குதித்து, மறுபடி ஓடுகிற 40 நிமிஷம்.

களைப்பு முதலில் கையில் தெரியாது, காலில் தெரியும். ஷாட் போடும் வலு காலிலிருந்துதான் கிளம்புகிறது. கால் ஓய்ந்தால் பந்து கூடை வரை போகாமல் முன் விளிம்பில் இடிக்கும். எதிராளி பந்தோடு ஓடும்போது கூட ஓட முடியாமல் கையை நீட்டுவார். விசில் ஊதும், பவுல்!

கல்லூரி ஆட்டத்தில் ஐந்து பவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். முதல் பாதியிலேயே இரண்டு, மூன்று பவுல் வாங்கிய நட்சத்திரத்தைக் கோச் பத்திரமாக உட்கார வைக்க வேண்டும். அப்போது இறக்க நம்பிக்கையான ஆள் இல்லை என்றால்? நட்சத்திரத்தையே தொடர்ந்து ஆடவிட்டு, ஐந்தாவது பவுலும் வாங்கி, கடைசி ஐந்து நிமிஷம் அவர் இல்லாமல் தவிக்க வேண்டும். இப்படிக் கோட்டை விட்ட டீம்கள் ஏராளம்.

சட்டம் மாறிய விதத்தைப் பார்த்தாலும் இது புரியும். அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் வெளியே போன ஆட்டக்காரர் அந்த மேட்சில் திரும்ப வர முடியாது. 1920-21 சீசனில் ஒரு தடவை திரும்பலாம் என்றார்கள். 1933-34-ல் இரண்டு தடவை ஆயிற்று. 1944-45-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

அந்த நாள் முதல் இது ஐந்து பேர் ஆட்டம் என்று சொல்வதே தப்பு. கோர்ட்டில் ஐந்து பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். சட்டம் கதவைத் திறந்து 80 வருஷம் ஆன பிறகும் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிற கோச்சை என்ன சொல்வது?

ஒரு மேட்சும் தொடங்காத ஹீரோ

மேட்சைவிடப் பெரிய வேலை பயிற்சியில் நடக்கிறது. அதற்கு உதாரணம் ஸ்வென் நேட்டர்.

லாஸ் ஏஞ்சல்சில் உள்ள யு.சி.எல்.ஏ. டீமை 1964 முதல் 1975 வரை 12 வருஷத்தில் 10 தடவை சாம்பியன் ஆக்கியவர் ஜான் வுடன். அவர் நிறையப் பேரை மாற்றி ஆடவிடுகிற ஆசாமி கிடையாது. ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார். "அப்படியானால் பெஞ்ச் எதுக்கு?" என்று கேட்கலாம்.

அங்கேதான் நேட்டர் வருகிறார். அந்த டீமின் நடுநாயகம் பில் வால்டன். கல்லூரிக் கூடைப்பந்தில் அவரை மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவருக்கு மாற்று ஆள் நேட்டர். வால்டன் இருக்கும்போது இவருக்கு ஏது இடம்? யு.சி.எல்.ஏ.வில் அவர் ஒரு மேட்சில்கூட ஆரம்ப ஐவரில் இறங்கியதில்லை.

ஆனால் பயிற்சியில் வால்டனோடு மோதுவது இவர் வேலை. நாட்டிலேயே வால்டனுக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரு ஆள், அவருடைய சொந்தப் பெஞ்சிலேயே இருந்தார்! பயிற்சியில் இவரைச் சமாளித்துவிட்டுப் போகிறவருக்கு வெளியே வருகிற எதிராளி எம்மாத்திரம்? 1972, 1973 இரண்டு சீசனிலும் யு.சி.எல்.ஏ. 30 மேட்ச் ஆடி 30-ம் ஜெயித்தது. அந்த டீம் வரிசையாக 88 மேட்ச் ஜெயித்த பிறகு, 1974 ஜனவரியில் நோட்ரடேமிடம் 71-70 என்று ஒரு பாயிண்டில்தான் விழுந்தது.

நேட்டர் என்ன ஆனார்? 1973 என்.பி.ஏ. தேர்வில் முதல் சுற்றிலேயே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏ.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் 1974-ல் சிறந்த புதுமுகம் அவர்தான். பெஞ்சில் இருந்தால் வாழ்க்கை போச்சு என்று அழுகிற பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அழுகிற பெற்றோரும் இந்தக் கதையைக் கேட்கட்டும்.

கூட்டம் சேர்த்தால் போதுமா?

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துவிடுவோம். "பெஞ்ச் பெஞ்ச்னு சொல்றீங்களே, கென்டக்கி கதை தெரியாதா?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தெரியும்.

2014-15 சீசனில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜான் கலிபாரி கோச். திறமைசாலிகள் எக்கச்சக்கம். ஐந்து ஐந்து பேராக இரண்டு படை பிரித்தார். முதல் படை சில நிமிஷம் ஆடும். அப்படியே ஐந்து பேரையும் வெளியே இழுத்து, அடுத்த ஐந்து பேரை இறக்குவார். டிசம்பரில் ஒருவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன் பிறகு அந்த முறை தளர்ந்தது. ஆனாலும் பெஞ்சின் பலம் குறையவில்லை.

கார்ல் ஆன்டனி டவுன்ஸ் அந்த வருஷம் என்.பி.ஏ.வின் முதல் தேர்வு. அவரே மேட்சுக்குச் சராசரி 21 நிமிஷம்தான் ஆடினார். டெவின் புக்கர் எல்லா மேட்சிலும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். பின்னாளில், 2017 மார்ச்சில், என்.பி.ஏ.வில் ஒரே மேட்சில் 70 பாயிண்ட் எடுத்த அதே புக்கர்தான்!

அந்த டீம் 38 மேட்ச் வரிசையாக ஜெயித்தது. 39-வது மேட்ச், அரையிறுதி. விஸ்கான்சினிடம் 71-64 என்று மண்ணைக் கவ்வியது. கடைசி நிமிஷங்களில் ஷாட் போட நேரம் போதாமல் திணறியது. "பாத்தீங்களா, பெஞ்ச் காப்பாத்துச்சா?" என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு.

சிரித்தவர்கள் இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். விஸ்கான்சின் இறுதி ஆட்டத்தில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. டியூக்கில் ஒருவரை நடுவில் நீக்கிவிட்டதால் உதவித்தொகை பெற்ற ஆட்டக்காரர்கள் எட்டே பேர். அன்றைக்கு டியூக்கின் பெரிய கைகள் பவுலில் மாட்டிக்கொண்டன. இரண்டாம் பாதியில் 9 பாயிண்ட் பின்தங்கல்.

அப்போது எழுந்து வந்தார் கிரேசன் ஆலன். முதலாம் ஆண்டு மாணவர். சீசன் முழுக்க மேட்சுக்கு ஐந்து பாயிண்ட்கூடத் தேறாதவர். அன்றைக்கு 16 பாயிண்ட் எடுத்து ஆட்டத்தைப் புரட்டிப் போட்டார். டியூக் 68-63 என்று சாம்பியன்!

1985-ல் வில்லனோவா, ஜார்ஜ்டவுனை 66-64 என்று சாய்த்ததும் இப்படித்தான். சின்னப் பெஞ்ச் வைத்திருந்த டீம் அது. ஆனால் ஹரால்டு ஜென்சன் என்ற மாற்று ஆட்டக்காரர் போட்ட ஐந்து ஷாட்டும் உள்ளே. மொத்தம் 14 பாயிண்ட். அவர் இல்லாமல் அந்த இரண்டு பாயிண்ட் வெற்றி ஏது?

ஆக, தலை எண்ணிப் பார்த்துப் பயன் இல்லை. "இப்போ நீ இறங்கு" என்று சொன்னால் கை நடுங்காமல் இறங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அந்தத் தைரியம் இறுதி ஆட்டத்தன்று திடீரென்று வராது. பார்ப்பவர்கள் மறந்துபோன சின்னச் சின்ன மேட்சுகளில் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று கொடுத்து வளர்க்க வேண்டும்.

உட்கார்ந்திருப்பவர் மனசு

பெஞ்ச் பலம் என்று எழுதுவது நமக்குச் சுலபம். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனசு என்ன பாடுபடும்?

தென் கரோலினாவிலேயே பாருங்கள். மிலேசியா புல்வைலி உள்ளூர்ப் பெண், பெரிய திறமைசாலி. சாம்பியன் ஆன 2024-ல் பெஞ்சிலிருந்து வந்தே டீமில் இரண்டாவது அதிகச் சராசரி. 2025-ல் லீக்கின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரி. அதே 2025 ஏப்ரலில் மூட்டை கட்டிக்கொண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். தென் கரோலினாவின் நேரடிப் போட்டி டீம் அது!

அவரைக் குறை சொல்ல முடியுமா? முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அந்தத் தடையை ஒரு முறைக்கு நீக்கினார்கள். 2024-ல் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கவும் அனுமதி. கோர்ட்டில் முகம் தெரிந்தால் பணம். ஓரத்தில் இருந்தால்?

எனவே நல்ல பெஞ்ச் வைத்திருப்பது முன்னைவிட இப்போது கஷ்டம். வற்புறுத்தி ஒருவரையும் உட்கார வைக்க முடியாது. மரியாதை கொடுத்துத்தான் வைத்திருக்க முடியும்.

அந்த மரியாதைக்கு வழி காட்டியவர் டீன் ஸ்மித். மைக்கேல் ஜோர்டானுக்குக் கல்லூரியில் கோச்சாக இருந்தவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை 879 வெற்றி. வரிசையாக 27 சீசன் குறைந்தது 20 வெற்றி. ஜெயித்துக்கொண்டே இருப்பது என்றால் இதுதான்!

அவர் டீமில் களைத்துப்போன ஆட்டக்காரர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் போதும். உடனே மாற்று ஆள் வருவார். மூச்சு வாங்கி முடிந்ததும் அவர் தானே கேட்டுத் திரும்ப இறங்கலாம். "வெளியே போனால் இடம் போயிடும்" என்ற பயம் இல்லாததால் யாரும் களைப்பை மறைக்கவில்லை.

பெஞ்சில் கடைசியில் இருப்பவர்களை ஒரு தனிப்படை ஆக்கி அதற்கு 'நீலப் படை' என்று பெயரும் வைத்தார். முதல் பாதியில் அந்த ஐந்து பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆடுவார்கள். பெரிய கைகளுக்கு ஓய்வு. சின்னக் கைகளுக்குக் கௌரவம். ஒருவர் வெளியே வரும்போது பெஞ்ச் முழுக்க எழுந்து நின்று கை தட்ட வேண்டும் என்பதும் அவர் வழக்கம்.

நந்தனம் கேட்கட்டும்

"அமெரிக்கா சங்கதி நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டித் தொடங்கிய ஆட்டம் இது. அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி. ஊர் வேறானாலும் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

நம்ம ஊர் காலேஜ் டீமிலும் 12 பேர் பெயர் எழுதுகிறார்கள். நெருக்கமான மேட்ச் என்றால் அதில் எத்தனை பேர் வியர்க்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நம் பட்டப்படிப்பு மூன்று வருஷம். அப்படியானால் வருஷம் தவறாமல் டீமில் மூன்றில் ஒரு பங்கு காலி. மே மாச வெயிலில் சிமெண்ட் கோர்ட்டில் ஐந்து பேரையே 40 நிமிஷமும் ஓடவிட்டால் முழங்கால் என்ன ஆகும்?

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கி, மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் "நான் காலேஜ் டீம்ல இருந்தேன்" என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிற பிள்ளை நமக்குத் தேவையா?

கோச்சுகளை மட்டும் திட்டிப் பயன் இல்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போ என்று நாக்-அவுட் வைத்தால் எந்தக் கோச் புதுப் பையனை இறக்கத் துணிவார்? அமெரிக்காவில் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை முப்பது மேட்ச்போல ஆடிவிட்டுத்தான் நாக்-அவுட்டுக்கு வருகிறார்கள். பெஞ்சை வளர்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

இங்கேயும் முதல் சுற்றுகளையாவது லீக் முறையில் நடத்துங்கள். இரண்டாவது கால்பகுதியில் நாலு நிமிஷம் மாற்று ஐவருக்கு என்று கோச்சுகள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் முதல் ஐவரையும் மாற்று ஐவரையும் தினம் மோதவிடுங்கள். இறக்கிய பையன் ஒரு பந்தைத் தவறவிட்டதும் உடனே வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால், காரணத்தை அவனிடம் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் பைசா செலவில்லை. ஒன்றிரண்டு சின்ன மேட்ச் கைநழுவலாம். நழுவட்டும்!

கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை காலேஜ் மேட்சுக்குப் போனால், கடைசி நாற்காலியில் இருக்கும் பையன் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு இறங்கும்போது, "யாருய்யா இவன்?" என்று கேட்காதீர்கள். கை தட்டுங்கள். அடுத்த வருஷம் அந்த டீம் அவனை நம்பித்தான் இருக்கப் போகிறது.